உந்தியிலிருந்து ஒரு குரல்

பதினேழு வருடம் தனியார் பேருந்தில் நடத்துநராக ஓடிய பிறகு என் குரல் போய்விட்டது. திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர், செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் வண்டி அது. ஒருநாள் காலை ஆள் கூப்பிட வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. மருத்துவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, மூன்று மாதம் கத்தவே கூடாது என்றார். மருந்தோடு மூச்சுப் பயிற்சியும் நல்லது என்றார்.

அதன் பிறகு விசில்தான் என் வாய். எனக்காக ஓட்டுநர் இறங்கி ஆள் கூப்பிட்டார். நிறுத்தம் சொல்ல முடியாமல் போய், ஓர் அம்மா இரண்டு ஊர் தாண்டி இறங்கினார். அவர் திட்டியபோது மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குக் குரல் இல்லை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் மனைவி வேங்கிக்காலில் ஒரு யோகா வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வேலை. ஓய்வு நாட்களில் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சொல்லித்தந்த பெண் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். முதல் நாளே மணிபூரகம் என்ற சக்கரத்தைப் பற்றிப் பேசினார். தொப்புளுக்கு நேரே, முதுகுத்தண்டில் பத்து இதழ்த் தாமரை, நெருப்பின் இடம், ‘ரம்’ அதன் எழுத்து. நெருப்புத் தலமான நம் ஊரையே மணிபூரகத் தலம் என்பார்களாம். சொல் தொண்டைக்கு வருவதற்கு முன்பே உந்தியில் உருவாகிவிடுகிறது என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கண்ணை மூடித் தியானித்தோம். ஒருவருக்கு மஞ்சள் ஒளி தெரிந்ததாம். இன்னொருவருக்கு வயிற்றில் சூடாம். என் முறை வந்தது.

“எனக்குப் பசிதாங்க எடுக்குது,” என்று கரகரத்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

சொல்லித்தந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. “அதுவும் அந்த நெருப்புதாங்க. நீங்க தொண்டைய மறந்துடுங்க. வயித்து மேல கை வைங்க. ‘ரம்’னு மெதுவா சொல்லுங்க. சொல்லச் சொல்ல கை உள்ள போவணும்.”

வாரக்கணக்கில் கை அசையவே இல்லை. இருமல்தான் வந்தது. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஒரு காலை, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லும்போது கை தானாக உள்ளே போனது. சத்தம் அடிவயிற்றிலிருந்து எழுந்து, தொண்டையைத் தொடாததுபோல் வெளியே வந்தது. சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

“நீங்களா அது?”

மூன்று மாதம் முடிந்து மருத்துவர் மறுபடி பார்த்தார். முடிச்சு கரைந்திருந்தது.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலம் முடித்த கூட்டம் பஸ் நிலையம் முழுக்கக் களைத்து உட்கார்ந்திருந்தது. ஓட்டுநர் வழக்கம்போல் இறங்கப் போனார். கையைக் காட்டி நிறுத்தினேன். தொப்புளில் மூச்சை நிறுத்தி, விட்டேன்.

“கீழ்பென்னாத்தூர்! செஞ்சி! திண்டிவனம்!”

கோடிக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். குடும்பம் குடும்பமாகப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தார்கள்.

ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டினார். “யோவ், இன்னாய்யா இது, மைக் எதுனா முழுங்கிட்டியா?”

பதில் சொல்ல நேரமில்லை. படிக்கட்டு வரை நிரம்பிவிட்டது. திண்டிவனம் வரை ஒவ்வொரு நிறுத்தத்தையும் கடைசி சீட்டுக்குக் கேட்கும்படி நானே சொன்னேன். சாயங்காலம் தொண்டை துளியும் வலிக்கவில்லை. தெருமுனையிலேயே நின்று, மனைவியைப் பேர் சொல்லி உரக்கக் கூப்பிட்டேன்.