பேனாவில் கணக்குப் போட்டவள்

சேலையூர் கோச்சிங் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் பெயரை நான் கேட்கவே இல்லை. என்னைப் போல அவளுக்கும் கைக்குழந்தை. துப்பட்டாவில் பால் கறை. ஆனால் கணக்கை நேராகப் பேனாவிலேயே போடுவாள். நான் பென்சிலில் போட்டு அழித்துக்கொண்டிருப்பேன். இந்த முறையும் ஃபெயிலானால் படிப்பை விட்டுவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தேன்.

அன்று, ஒரு திட்டத்தின் நிகர இன்றைய மதிப்பைக் கண்டுபிடிக்கும் கணக்கு. வருடாந்திரத் தொகை நான்காம் வருட முடிவில்தான் வரத் தொடங்கும். அன்யூட்டி ஃபேக்டர் என்ற பெருக்கு எண்ணால் அந்தத் தொகைகளை ஒரே மதிப்பாக்கி, அதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர நான்கு வருட வட்டியைக் கழித்திருந்தேன்.

“மூணு வருஷம்தாங்க்கா. அன்யூட்டி ஃபேக்டர் போட்டாலே, முதல் பணம் வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி இருக்கிற மதிப்புக்கு வந்துடும்” என்றாள், என் நோட்டைப் பார்த்து.

“எப்படிம்மா டக்குனு வருது? பாப்பா தூங்கவிடுதா?”

“எங்க தூங்கவிடுதுக்கா! போன தடவை நானும் நாலுன்னு எழுதித்தான் கோட்டை விட்டேன்.”

சிரித்துக்கொண்டே அடுத்த கணக்குக்கும் பேனாவையே எடுத்தாள். தோற்றும் பேனாவை விடாதவளைப் பார்த்து என் பொறாமை இன்னும் அதிகமானது.

அந்த முறை நான் தேறிவிட்டேன். பென்சிலை மட்டும் இன்னும் விடவில்லை.