மேகம் ஊதாத படம்

ஈரத் துணி வழியாக மூச்சை இழுத்தால் அதற்கென்று ஒரு ருசி உண்டு. கிணற்றுத் தண்ணீர், வெளுத்துப்போன பழைய வேட்டி, அதற்குள் எப்படியோ புகுந்துகொண்ட கோந்து வாசம், எல்லாம் சேர்ந்து நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறைக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும், அந்தத் துணியை மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டுதான் நுழைய வேண்டும் என்பது என் சித்தப்பா போட்டிருந்த சட்டம். சமஸ்தானத்துச் சட்டத்தையாவது யாரும் பார்க்காதபோது மீறலாம், சித்தப்பா சட்டத்தை மீற முடியாது.

சித்தப்பா போட்டோப் படங்களுக்கு வண்ணம் ஊதுகிறவர். சின்னப் படத்தைத் திருச்சிக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கி வாங்கி வருவார். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்களே, அந்தக் 'கரி பஸ்' கீரனூர் மேட்டில் மூச்சு வாங்கி நின்றால் எல்லோரோடும் இறங்கித் தள்ளிவிட்டு, சட்டையெல்லாம் கரியாக, படத்தை மட்டும் வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்தபடி வந்து சேருவார். அப்படி வந்த படம் சாம்பல் நிறத்தில் மங்கலாக, மழைநாளில் தெருவைப் பார்க்கிற மாதிரி இருக்கும். அதற்கு உயிர் கொடுப்பது 'காத்துப் பேனா'. ஏர் பிரஷ் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியும். பேனா அளவில் ஒரு பித்தளைக் குழாய், அதன் முதுகில் சுண்ணாம்பு டப்பியைவிடச் சின்னதாக ஒரு கிண்ணி, கிண்ணியில் கரைத்த வண்ணம், பின்பக்கம் ரப்பர் குழாய் வழியாகக் காற்று. மேலே இருக்கும் பொத்தானை விரலால் அமுக்கினால் வண்ணம் புகையாகப் போய்ப் படத்தில் படியும்.

அந்தப் பேனாவைப் பற்றிச் சித்தப்பாவுக்கு ஏகப்பட்ட பேச்சு உண்டு. பேனாவிடமே பேசுகிறாரா எங்களிடம் பேசுகிறாரா என்று சில சமயம் சந்தேகம் வரும். "காத்து முன்னால, கலரு பின்னால. நிறுத்தும்போது கலரு முன்னால, காத்து பின்னால. மாத்திப் பண்ணுனா துப்பிப்புடும்" என்பார். வண்ணம் பால் பதத்தில் இருக்க வேண்டும், தயிர்ப் பதம் ஆனால் மூக்கு அடைத்துக்கொள்ளும். பேனாவின் நுனியைத்தான் 'மூக்கு' என்பார். முதலில் வேண்டாத காகிதத்தில் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் படத்துக்கு வர வேண்டும். கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், "கை நின்னுச்சுன்னா அந்த எடத்துல கொளம் கட்டிப்புடும்." வேலை முடிந்ததும் சுத்தத் தண்ணீரைக் கிண்ணியில் விட்டு, நிறமில்லாமல் வரும்வரை ஊதித் தள்ளாமல் எழுந்திருக்க மாட்டார். ஜன்னல் இரண்டும் திறந்தே இருக்கும். அந்த அறையில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது, முறுக்குக் கடிக்கக் கூடாது. "அந்த வெள்ளை இருக்கே, பாக்கத்தான் அழகு. வயித்துக்குள்ள போச்சுன்னா வெசம்" என்பார். அவர் சொன்னதில் பாதியை நான் அன்றைக்குக் காதில் வாங்கவில்லை, ஆனால் இன்றைக்கு ஒன்றுவிடாமல் ஒப்பிக்க முடிகிறது.

காற்றுக்கு வழி, ஒரு லாரி ட்யூப். அதைச் சைக்கிள் பம்பால் அடித்து ரொப்பி வைத்தால் முன்பெல்லாம் நெடுநேரம் தாங்கும். யுத்தம் வந்ததும் ரப்பருக்குப் பஞ்சம் வந்து, ஒட்டுக்கு மேல் ஒட்டாகப் போட்ட பழைய ட்யூப்பில் அடிக்க அடிக்கக் காற்று இறங்கியது. ஆகவே சித்தப்பா ஊதுகிற நேரம் முழுக்க ஒரு ஆள் பம்பு அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆள் என் ஆத்தா. அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். முந்தானையை இடுப்பில் செருகி, வாயில் ஈரத் துணியோடு, வாசற்படி ஓரம் காற்றோட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து அடிப்பாள். அவள் அடிக்கிற சத்தமும் பேனா 'உஸ்' என்று சீறுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்கும். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. இருந்தாலும் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். வேறு எங்கே உட்காருவது என்று தெரியாத காலம் அது.

அப்பா மலேயாவில் ரப்பர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையாக இருந்தார். ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த பிறகு அவரிடமிருந்து கடுதாசி வருவது நின்றுவிட்டது. இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

இங்கே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கிறவருக்குப் பெரிய படம் போடுவது அபூர்வம். ஆள் போன பிறகுதான் வீட்டுக்காரர்களுக்குப் படத்தின் ஞாபகமே வரும். பதினாறாம் நாள் கருமாதிக்குள் வேண்டும் என்று ஓடி வருவார்கள். சில வீடுகளில் படமே இருக்காது, செத்தவரை நாற்காலியில் சாத்தி உட்காரவைத்து எடுத்ததைக் கொண்டுவந்து, "கண்ண மட்டும் தொறந்து குடுத்துருங்க" என்பார்கள். சித்தப்பா திறந்து கொடுப்பார். அப்படிப் போனவர் படம் என்றால் தலைக்குப் பின்னால் வட்டமாக வெள்ளைப் புகை ஊதி, அதை மார்புக்குக் கீழே வரைக்கும் இறக்கி, ஆள் மேகத்திலிருந்து எழுந்து வருகிற மாதிரி செய்வார். அதற்குப் பெயர் 'மேகம் விடுறது'. இருக்கிறவர் படம் என்றால் பின்னால் கருப்பு, இடுப்புவரை உடம்பு. வீட்டுச் சுவரில் படத்தைப் பார்த்த மாத்திரத்தில், வந்தவர் அந்த ஆளை விசாரிக்கலாமா கூடாதா என்று தெரிந்துகொள்வார். கீரனூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், உயிரோடு எதிரே நின்றுகொண்டே, மேகம் அழகாயிருக்கிறது, தனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்தார். "இப்ப வேணாங்க. வர வேண்டிய நேரத்துல அது தன்னால வரும்" என்று சித்தப்பா சொல்ல, பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கருப்புக்கே சம்மதித்தார்.

பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்கள் ஊருக்கு ஊர் சாவுச் செய்தி கொண்டுவந்த வருஷங்கள் அவை. எங்கள் தெருப் பெண்கள் ஆத்தாவைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்ளத் தொடங்கினார்கள். ஒரு கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க அவள் தட்டைத் தொட்டபோது, "நீ இருத்தா, வேற ஆரும் எடுக்கட்டும்" என்று யாரோ தட்டை வாங்கிக்கொண்டார்கள். பிரியமாகத்தான் சொன்னார்கள். ஆத்தா வீட்டுக்கு வந்து, தகரப் பெட்டிக்குள்ளிருந்து அப்பா பினாங்கில் எடுத்து அனுப்பியிருந்த சின்னப் படத்தை எடுத்துச் சித்தப்பா முன்னால் வைத்தாள்.

"பெருசாக்கி ஊதிக் குடுங்க தம்பி. வாசல்ல நுழைஞ்சதும் தெரியிற மாதிரி மாட்டணும். போற வாரவுக பாக்கட்டும், ஆளு இருக்காருன்னு தெரியட்டும். பின்னால கருப்பு."

"கருப்புத்தான் மதினி. வேற என்ன ஊதப் போறேன்" என்றார் சித்தப்பா.

படம் திருச்சிக்குப் போய்ப் பெரிதாகி வந்தது. அன்று காலையில் சித்தப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முகத்தை முதலில் ஊதினார். கன்னத்துக்கு, நெற்றிக்கு, காதுக்கு என்று தனித்தனியாக. அப்பாவின் முகம் அந்த மங்கலிலிருந்து மெல்ல வெளியே வந்தது. எனக்கு அவர் முகம் அநேகமாக மறந்து போயிருந்தது. இவர்தான் அப்பா என்றால் சரி என்று நினைத்துக்கொண்டேன், அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு முகத்தின் அளவுக்கு வெட்டிய காகிதத்தை அதன் மேல் வைத்து மூடி, கிண்ணியைக் கழுவி, சட்டைக் காலருக்காக வெள்ளையை ஊற்றினார். காலர் பளிச்சென்று வந்தது. ஆத்தா குனிந்து நிமிர்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். பேனா சீறிக்கொண்டிருந்தது.

வேர்வையைத் துடைக்க நிமிர்ந்தவள் படத்தைப் பார்த்தாள். பம்பு நின்றது.

ட்யூப்பில் காற்று இறங்கினால் பேனா சீறாது, துப்பும். சொட்டுச் சொட்டாக வெள்ளை தெறித்தது. சித்தப்பா திரும்பாமலே, "காத்து, மதினி" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "மதினி, காத்து எறங்குது" என்றார். பம்புச் சத்தம் வராமல் போகவே திரும்பினார். ஆத்தா பம்பின் பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன தம்பி ஊதுறீங்க?"

சித்தப்பா படத்தைப் பார்த்தார். அப்பாவின் தலைக்குப் பின்னால் அழகாக, ஒரு பிசிறு இல்லாமல், வட்டமாக மேகம் நின்றது. காலரிலிருந்து கை தானாக மேலே ஏறி, வருஷக்கணக்காகப் போய்ப் பழகிய பாதையிலேயே போய்விட்டிருந்தது. சித்தப்பா வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். வெள்ளைப் புகை இன்னும் அடங்காத அறையில் அவர் துணியை அவிழ்த்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"கை பழகிப்போச்சு மதினி" என்றார். அண்ணனைச் சாகடித்துவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"தொடைங்க" என்றாள் ஆத்தா.

பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒத்தி ஒத்தி எடுத்தார். அது தண்ணீர் வண்ணம்தான், வந்துவிடும். ஆனால் சொரசொரப்பான காகிதத்தின் கண்ணுக்குள் இறங்கிய வெள்ளை முழுசாக வராது. லேசாக ஒரு வெளுப்பு நின்றது. அதன் மேல் கருப்பை ஊதிவிடலாம் என்று சித்தப்பா கிண்ணியில் கருப்பை ஊற்றினார். "காத்து வேணும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆத்தா மறுபடி குனிந்து அடிக்கத் தொடங்கினாள். முன்பு அடித்த அதே வேகம்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. எனக்கும் வரவில்லை. மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்து சோறு தின்றோம்.

படம் வாசலுக்கு நேரே மாட்டப்பட்டது. நல்ல கருப்பு, கண்ணுக்கு நிறைவாக இருந்தது. தெருவில் யாருக்கும் எதுவும் தெரியாது. சித்தப்பா அதற்குப் பிறகு வெள்ளை இருந்த புட்டியை, வேலை ஆனவுடனே மூடி ஜன்னலுக்கு வெளியே வைத்துவிடுவார். வெள்ளை வேண்டும் என்றால் எழுந்துபோய் எடுத்துவர வேண்டும். எழுந்து போகிற நேரத்தில் புத்தி வந்துவிடும் என்று அவர் கணக்கு.

யுத்தம் முடிந்தது. நாகப்பட்டினத்துக்கு மறுபடி கப்பல் வரத் தொடங்கியதும் சித்தப்பா போய் நின்று பார்த்தார். அறந்தாங்கிப் பக்கத்து ஆட்கள் சிலர் வந்தார்கள். அப்பாவைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. செத்ததைப் பார்த்தவரும் இல்லை. நாங்கள் வளர்ந்தோம், கல்யாணம் செய்துகொண்டோம். சித்தப்பாவும் போய்ச் சேர்ந்தார். ஆத்தா தினமும் குளித்து, நெற்றிக்கு வைத்துக்கொண்டு, அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைப்பாள். படத்துக்குப் பொட்டு வைக்கமாட்டாள், மாலை போடமாட்டாள். இருக்கிறவர் படத்துக்கு அதெல்லாம் எதற்கு.

அவள் செத்த அன்றைக்குக் குளிப்பாட்ட வந்த பெண்கள் தயங்கி நின்றார்கள். "எப்புடி அனுப்புறது? மஞ்ச குங்குமத்தோடயா, வெறும் நெத்தியாவா? அவுகளுக்கு என்னாச்சுன்னே தெரியலையே" என்று கேட்டார்கள். என் தம்பி என்னைப் பார்த்தான். நான் சுவரைக் காட்டினேன். "அந்தா இருக்காரு அப்பா. கருப்புத்தானே. பூவும் பொட்டும் வச்சே அனுப்புங்க" என்றேன். கட்டுக் கட்டாய்ப் பூ வைத்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு போனாள். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, காரியம் முடிந்தது என்றுதான் இருந்தது.

ஆத்தாவுக்குப் படம் போட ராஜ வீதிக் கடைக்குப் போனபோது, கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன், "பின்னாடி லைட்டா வெள்ளையா ஒரு க்ளோ குடுக்கவாங்க, நல்லாருக்கும்" என்று கேட்டான். இருக்கிறவர் படத்துக்கும் அதையே கொடுக்கிறானாம், கல்யாணப் படத்துக்குக்கூட. அவனிடம் ஈரத் துணி இல்லை, பம்பு இல்லை, காற்று இறங்குமே என்ற பயமும் இல்லை. கொடு என்றேன்.

இரண்டு படங்களும் இப்போது என் வீட்டுச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அப்பாவுக்கு வயது நூறைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. இந்த வீட்டுக் கணக்கில் அவர் இன்னும் சாகவில்லை. திவசம் கிடையாது, மாலை கிடையாது.

போன வாரம் மருமகள் ஒட்டடை அடிக்கும்போது அப்பா படத்தின் முன்னால் நின்று, "என்ன அத்தை இது, தாத்தா தலைக்குப் பின்னாடி வட்டமா வெள்ளையா பூத்திருக்கு. பூஞ்சையா?" என்று கேட்டாள்.

வெயில் பட்டுப் பட்டுக் கருப்பு வெளுத்துக்கொண்டு வருவது எனக்கு ஏற்கெனவே தெரியும். "பூஞ்சைதான்" என்றேன்.

அவள் ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்து அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அது கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.