மோட்டாரை நிறுத்தும் வழி

என் கொழுந்தனார் துபாயில் இன்ஜினீயர். போன லீவுக்கு வந்தவர், வீட்டிலிருந்தே செல்போனில் வயல் மோட்டாரை ஓட்ட ஒரு கருவியைப் பொருத்தி, அதைப் பயன்படுத்தும் விதத்தை ஆறு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மோட்டார் ஓடியது. நிறுத்தத்தான் தெரியவில்லை. ஆறு பக்கத்தையும் புரட்டினேன். மின்சாரம் என்றால் என்ன என்று இருந்தது. சிக்னல் வரும் பாதைக்கு அம்புக்குறி போட்ட படம் இருந்தது. நிறுத்துவதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்குள் தண்ணீர் வரப்பைத் தாண்டி, அறுவடைக்கு நின்ற பக்கத்து வயலில் இறங்கிவிட்டது. ஓடிப்போய் பியூஸைப் பிடுங்கினேன். பக்கத்து வயல்காரரிடம் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

துபாய்க்குப் போன் போட்டேன்.

"ஆன் பண்ண பட்டனையே திரும்ப அழுத்தணும் அண்ணி. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, எதுக்கு எழுதணும்?"

எழுதத் தெரியாத மனிதர் என்று பரிதாபப்பட்டேன். அடுத்த லீவுக்குக் கிளம்புமுன், போன வாரம் வாட்ஸப்பில் எழுதியிருந்தார்: "ஞாயிறு மதியம் வீட்டில் இருப்பேன். நாகப்பட்டினம் வஞ்சிரம், நடுத்துண்டு, காரம் கம்மி, முறுகலாக வேண்டும்."

தன் வயிறு என்றதும் என்ன ஒரு தெளிவு!