அக்கா எடுத்த புடவை

“படிச்ச திமிருடி உனக்கு. நடக்க முடியாதவள கடைத்தெருவுக்கு இஸ்துகினு போயி இன்னாத்த கிழிக்கப் போற?”

தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மா என்னிடம் இப்படிக் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை முதலில் மிதித்தவள் நான். வீட்டில் வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் பழி என் படிப்பின் மேல்தான் விழும். உள்ளூர எனக்கு அதில் பெருமைதான். ஆனால் கடைக்குப் போகவேண்டும் என்று சொன்னது நான் இல்லை, அக்கா.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அக்காவுக்கு இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. தரையில் உட்கார்ந்தபடி உள்ளங்கைகளை ஊன்றி நகர்ந்து போவாள். கல் குத்தாமல் இருக்கக் கைகளில் டயர் செருப்பு மாட்டிக்கொள்வாள். ராயபுரத்தில் எங்கள் வீடு துறைமுகத்துக்குப் பக்கம். நிலக்கரித் தூசி ஓட்டு இடுக்கு வழியாகவும் இறங்கும். காலையில் பெருக்கிய தரை மதியத்துக்குள் கறுத்துவிடும். அதனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா அவளுக்குக் காப்பிக்கொட்டை நிறத்திலேயே புடவை எடுத்து வருவார். அழுக்குத் தெரியாதாம். எனக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்பார்கள். அவளை யாரும் கேட்டதில்லை.

இந்த வருடம் அவளே சொன்னாள்: “என் பொடவய நானே போய் எடுத்துக்கிறேன்.”

இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். “ஒரு தபா போயிட்டு வாங்க. எவனாவது எதுனா சொல்லி, இவ அழுதுகினு வந்தா, அத்தோட வாசப்படி தாண்டற பேச்சே கூடாது.”

வாசலுக்குக் கை ரிக்‌ஷா வந்தது. வண்டிக்காரர் கைப்பிடிகளைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு, அக்காவைத் தூக்கக் குனிந்தார்.

“தூக்காத நைனா. நானே ஏறுவேன்.”

“ஏறு கண்ணு. வண்டி எங்க ஓடப் போவுது? நான் இஸ்தாத்தான் அது ஓடும்.” அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைத்தார். பீடி பாதி கரைவதற்குள் அக்கா இருக்கையில் இருந்தாள்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு தெற்கத்தி வியாபாரியின் ஜவுளிக்கடை. வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் தன் கைகளிலிருந்து கழற்றி, அந்த வரிசையில் ஒழுங்காக வைத்தாள். உள்ளே சுவருக்குச் சுவர் மெத்தை போட்டு, அதன்மேல் வெள்ளை விரிப்பு. வாங்க வந்த பெண்கள் அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நகர்ந்துபோய் நடுவில் இடம்பிடித்துப் புடவையைச் சரிசெய்துகொண்டாள். அவ்வளவுதான். யார் நடக்கிறவள், யார் நடக்காதவள் என்று அந்த அறையில் பிரிக்கவே முடியவில்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். எத்தனையோ முறை வந்த கடை. ஒருநாளும் இது என் கண்ணில் பட்டதில்லை.

கடைக்காரர் என்னைப் பார்த்து, “அவங்களுக்கு எந்த மாதிரி எடுக்கட்டும்?” என்றார்.

“அவங்களையே கேளுங்க.”

அவர் ஒரு தவிட்டு நிறப் புடவையை விரித்தார். “இது அழுக்குத் தாங்கும் தாயி.”

“அழுக்குத் தாங்குறதத்தான் இத்தினி வருசமாக் கட்டிக்கினு கீறேன். அத்த மடிச்சு வை.”

பிறகு நடந்ததை நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வேணாம். இது வேணாம். கரை பெருசு, வேணாம். வீட்டில் தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டு, கொடுத்ததைக் கட்டியவள், ராணி மாதிரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். தள்ளத் தள்ள அவள் முதுகு நிமிர்ந்துகொண்டே போனது.

“கடையவே இறக்கியாச்சு தாயி. இனிமே அலமாரிதான் பாக்கி.”

“அத்தயும் காட்டு, பாப்போம்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பக்கத்திலிருந்த அம்மாள் ஒரு நீலப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவிடம், “எனக்கு இது எடுப்பா இருக்காம்மா?” என்றார்.

“மூஞ்சி மங்கிப்போச்சு. அந்தப் பச்சதான் உனக்குப் பாந்தமா கீது.”

அந்த அம்மாள் பச்சையையே எடுத்துக்கொண்டார். கடைசியில் அக்காவின் கை ஒரு புடவையின் மேல் நின்றது. வெளிறிய எலுமிச்சை நிறம், மெல்லிய கரும்பச்சைக் கரை. முந்தானை முடிச்சை அவிழ்த்து அவளே பணம் கொடுத்தாள். வாசலை நோக்கி அவள் நகர்ந்தபோதுதான் அந்த அம்மாள் அவள் கால்களைப் பார்த்தார். பிறகு தன் கொசுவத்தை ஒதுக்கி வழிவிட்டு, “பாத்துப் போம்மா. ஒன் கண்ணு நல்ல கண்ணு” என்றார்.

அக்கா அழாமல்தான் வீடு திரும்பினாள். ஆனால் பொட்டலத்தைப் பிரித்ததும் அம்மா தலையில் கைவைத்தாள்.

“அடிப்பாவி! தரையில நகர்றவளுக்கு இந்தக் கலரா? ரெண்டு நாள்ல கலீஜாயிடும்டி.”

“ஆவட்டும். நான்தானே தோய்ச்சுக்கப் போறேன்.”

அம்மா பொட்டலத்தைத் தள்ளிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தீபாவளியன்று காலையில் நான் எண்ணெய்த் தலையோடு உள்ளே வந்தபோது, அம்மா முட்டிபோட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் தொடங்கி வாசற்படி வரை, ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து. இத்தனை வருடம் தரைக்கேற்ற புடவையைத் தேடிய வீடு இது. அன்றைக்கு அம்மா புடவைக்கேற்ற தரையைச் செய்துகொண்டிருந்தாள்.

“இன்னா நிக்கிற? தண்ணி மாத்து” என்றாள்.

எலுமிச்சை நிறத்தில் அக்கா அந்தத் தரையில் நகர்ந்து வந்தாள். அம்மா பார்க்காதமாதிரி பார்த்தாள்.

நேற்று அந்த ரிக்‌ஷாக்காரரைத் தெருமுனையில் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். எங்கே போகவேண்டும் என்று கேட்டார்.

“எனக்குத் தெரியாது நைனா. அக்காவைக் கேளுங்க” என்றேன்.