இன்னொரு முறை தாங்குமா?

ரைபிளில் சுட்டபின் மிஞ்சுகிற பித்தளைக் கூட்டைக் கையில் எடுத்து, மறுபடி மருந்து நிரப்பினால் இது இன்னொரு முறை தாங்குமா என்று பார்த்துச் சொல்வதுதான் என் தொழில். துவாக்குடியைத் தாண்டி ஒரு ரைபிள் கிளப்பில் பதினோரு வருஷமாக இதைச் செய்கிறேன். அந்தக் கூட்டை நாங்கள் காலி கேஸ் என்போம். நல்லதைக் கழுவி, அளவு பார்த்துக் கொடுத்தால், உரிமம் உள்ள இன்னொருவர் மருந்தும் குண்டும் வைப்பார். நான் தவறவிட்ட ஒரு விரிசல் போதும், சுடுகிறவர் முகத்துக்கே நெருப்பு திரும்பி வரும். விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கும் அரிசியில் கல் பொறுக்குகிறவர்களுக்கும் என் அவதி புரியும்: ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் எல்லாமே நல்லதாகத் தெரிய ஆரம்பித்துவிடும். போன மாதம் எனக்கு அப்படி ஒரு வாரம் வாய்த்தது.

வியாபாரியின் விரல்

சலீம் பாய் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மொத்த வியாபாரி. அவர் மகள் ரஹீமா எங்கள் கிளப்பில் சுடுகிறாள். மாநிலப் போட்டிக்கான தேர்வு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தளத்திலேயே நடக்க இருந்தது. வரவேண்டிய புதுத் தோட்டாக்கள் வரவில்லை. அவள் ரைபிளில் ஒரே ஒரு தடவை சுட்ட எண்பது கேஸ்களைத் தனி டப்பாவில் எடுத்து வைத்திருந்தேன். தேவை அறுபது. கவலைப்பட ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பாய் வந்து என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார். பேசிக்கொண்டே, வேறொருவருடைய கேஸ்களில் நான் தேறியது என்று ஒதுக்கியதில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் உருட்டினார். உருட்டியவர் அதைத் தனியாக வைத்தார். வாய்ப்பக்கம் முடியளவுக்கு ஒரு கீறல். நான் இரண்டு முறை பார்த்து நல்லது என்று வைத்தது அது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வெங்காயமும் கழுத்துலதாங்க முதல்ல கெடும். நாங்க கண்ணை நம்புறதில்ல, தடவித்தான் பார்ப்போம்."

குத்துவிளக்கு

கிளப் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர் கோபாலன், ஸ்ரீரங்கத்துக்காரர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு வேலை அதிகம் என்று இரக்கப்பட்டு, நான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளம்பிய பிறகு ரஹீமாவின் டப்பாவை அப்படியே புளித் தண்ணீரில் கொட்டி ஊறவைத்திருக்கிறார். புதன்கிழமை காலை துணி விரித்துக் காயவைத்திருந்தார். அத்தனையும் ரோஜா நிறத்தில் மின்னின. அவர் முகமும் மின்னியது.

புளியில் ஐந்து நிமிஷம் போட்டு எடுத்தால் அழுக்கு போகும். விடிய விடியக் கிடந்தால் பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தைப் புளிப்பு தின்றுவிடும். மிஞ்சுவது செம்பு நிறம் காட்டும் நொய்ந்த கூடுதான். எண்பதும் கழிவு. ஞாயிற்றுக்கிழமைக்கு அவளிடம் ஒன்றுகூட இல்லை. நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கோபாலன் சொன்னார்: "ஆத்துல நாப்பது வருஷமா குத்துவிளக்கைப் புளி போட்டுத்தான் தேய்க்கறோம் சார். அது ஒரு நாளும் வெடிச்சதில்லையே."

கே.கே. நகர் கண்ணாடிக்கடை

மிச்சம் இருந்தது பழைய கேஸ் மூட்டை ஒன்று. பலர் சுட்டது, எது எத்தனை முறை சுட்டது என்று தெரியாது. புதனும் வியாழனும் அதில்தான் கழிந்தன. நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு அடிப்பக்கம் தடவ வேண்டும். உலோகம் மெலிந்த இடத்தில் நுனி தட்டும். அந்தக் கூட்டை நிரப்பிச் சுட்டால் இரண்டாகப் பிய்ந்துவிடும். வியாழன் மாலைக்குள் அறுபது தேறியது. ஆனால் சிலவற்றில் கம்பி லேசாகத் தட்டியதோ என்று ஒரு சந்தேகம். கரி படிந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கூட்டின் வெளிப்பக்கம் பளிச்சென்று ஒரு கோடு தெரிந்தால் மெலிவு நிச்சயம். எனக்குக் கோடு எதுவும் தெரியவில்லை. ரஸ்தாவில் வந்த பஸ்ஸின் நம்பரும் தெரியவில்லை.

பஸ் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே கண்ணாடிக்கடைக்குப் போனேன். கிட்டத்தில் என்ன வேலை பார்ப்பீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். தோட்டா பார்ப்பேன் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "வர்ற தோட்டாவா, போற தோட்டாவாங்க?"

இரண்டு குறைவு

வெள்ளிக்கிழமை காலை புதுக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு அறுபதையும் வெயிலில் வைத்து முதலிலிருந்து பார்த்தேன். இரண்டில் அடியை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடியது. ஒன்றை ரம்பத்தால் நெடுக அறுத்தேன். உள்ளே, நூல் வைத்து அழுத்தியதுபோல் ஒரு பள்ளம். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மூட்டையை மறுபடி கொட்டியும் வேறு எதுவும் தேறவில்லை.

ரஹீமாவுக்கு போன் செய்தேன். மதிப்பெண்ணுக்கு நாற்பது, அதற்கு முன் குறி சரிபார்த்துக்கொள்ள இருபது என்பது அவள் பழக்கம். சுடுகிறவர்கள் அந்த வழக்கத்தை மாற்றவே மாட்டார்கள். இரண்டில் கோடு இருந்தது, ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டேன், மிச்சம் ஐம்பத்தெட்டுதான் என்றேன். அவள் சொன்னாள்: "பதினெட்டுல பழகிக்கிறேன் அங்கிள். எண்ணிக்கைக்காக அந்த இன்னொண்ணை மட்டும் சேர்த்துடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை

எல்லோரும் இலக்கைப் பார்த்தார்கள். நான் ரஹீமாவின் வலது கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் என் தோள்தான் தூக்கிப்போட்டது. முப்பதாவதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. அவள் எழுந்து காதுமூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்ததும்தான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

ஓடிப்போய், அவள் படுத்துச் சுட்ட பாயில் சிதறிக் கிடந்த கேஸ்களைப் பொறுக்கினேன். சூடு ஆறவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்; எல்லாம் முழுசாக இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது, எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. பின்னால் சலீம் பாய் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்திருக்கிறார். "பொண்ணு செலக்ட் ஆயிட்டா. இதை உங்ககிட்ட மூணாவது தடவையா சொல்றேங்க."

ஒன்றும் நடக்கவில்லை என்பதைத் தவிர வேறெதையும் சாதனையாகக் காட்ட முடியாத தொழில் இது. அன்றைக்கு ஐம்பத்தெட்டு முறை ஒன்றும் நடக்கவில்லை.