மாமனாரைத் தூங்க வைத்த சாவி

ஓசூரில் நானும் கணவரும் வெவ்வேறு ஷிப்ட். யார் எப்போது வந்தாலும் மாமனார்தான் எழுந்து கதவைத் திறப்பார். அஞ்செட்டியில் ஏர் ஓட்டிய உடம்பு, இங்கே வந்து தளர்ந்துகொண்டே போனது. சத்துமாவு கொடுத்ததோடு விட்டுவிட்டேன்.

அன்று காலை நான் வந்த கம்பெனி பஸ், எங்கள் தெருமுனையில் சடாரென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். நடுரோட்டில் கால் மடங்கி உட்கார்ந்திருந்தார் மாமனார். மடியில், அவர் தூக்கி வந்த என் சின்ன மகள். இறங்கி ஓடினேன்; அவளுக்கு ஒன்றுமில்லை, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"வயசானவங்களுக்குத் தூக்கம் கெட்டா காலுல பலமும் போயிரும். ராத்திரி தூங்கறாரா?" என்றார் டாக்டர்.

"நான் அசந்துட்டா கதவ யாரு தெறக்கறது?" என்றார் மாமனார்.

இப்போது ஆளுக்கொரு சாவி. செருப்பைக் கையில் பிடித்தபடி திருடி மாதிரி நுழைகிறேன். அவர் குறட்டையைக் கேட்ட பிறகுதான் படுக்கிறேன்.