கையால் தோய்த்துக் கொடுத்தது

2006ஆம் ஆண்டு, பனி கொட்டத் தொடங்குவதற்குச் சற்று முந்திய நாட்கள். மொன்றியலில் ஷபனெல் தெருப் பக்கம் நான் அயர்ன் பண்ணிக்கொண்டிருந்த தையல் தொழிற்சாலை, வேலை எல்லாம் சீனாவுக்குப் போய்விட்டது என்று சொல்லிக் கதவை மூடிவிட்டது. வேலை தேடித் தரும் அலுவலகத்தில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். பழைய ஃபர் கோட்டுகளைப் பிரித்து, அந்தத் துண்டுகளில் கையுறை, தொப்பி, பை, கரடிப் பொம்மை என்று புதிதாகத் தைக்கப் பழக்குகிற இடம். ஐரோப்பாவில் அரசாங்கப் பணத்தில் நடந்த ஒரு திட்டத்தைப் பார்த்து, அவர்களோடு கூட்டுச் சேர்ந்து, இங்கேயும் அரசாங்கப் பணத்தில் தொடங்கியிருந்தார்கள். மீள்சுழற்சி, தொழில்முனைவு, தொழிற்பயிற்சி, புத்தாக்கம் என்று அதன் பெயர் நீண்டுகொண்டே போகும். பார்க் மெட்ரோவில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கினால் முடிப்பதற்குள் இரண்டு ஸ்டேஷன் கடந்துவிடும்.

பயிற்சிக்கு வந்தவர்களில் நான் ஒருவன்தான் ஆண். "நல்லதாப் போச்சு, இனி என்ர சட்டை தைக்கக் காசு குடுக்கத் தேவையில்லை" என்று என் மனைவி வீட்டில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருடம் நீராவிப் பெட்டி பிடித்த கைக்கு ஊசி நூல் கொடுத்தால் எப்படி இருக்கும்? முதல் வாரம் முழுவதும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் திரிந்தேன்.

அங்கே தமிழ் பேச இருந்தவர் ஒரே ஒரு அக்கா. மட்டக்களப்புக்காரர், ஐம்பதை நெருங்கிய வயது, லாசாலில் இருந்து பஸ்ஸும் மெட்ரோவும் மாறி மாறி வருவார். பிரெஞ்சு அவருக்கு அறவே வராது. எனக்கும் அது கரைத்துக் குடித்த பாடமில்லை. ஆனாலும் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்வதை அக்காவுக்குச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அக்காவின் தையல் சுத்தமாக இருக்கும். ஆளும் அப்படித்தான். ஒவ்வொரு கோட்டையும் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுவார். அதைப் போட்டிருந்தவர் உயிரோடு இருக்கிறாரா, செத்துப்போனாரா என்று என்னைக் கேட்கச் சொல்வார்.

"அக்கா, கோட்டுக்குள்ள பேய் இருக்கோ எண்டு பாக்கிறியளோ?" என்று கேலி செய்வேன்.

"நீங்க சிரிங்க தம்பி. செத்த ஆக்கள்ட உடுப்பத் தோய்க்காம இன்னொரு ஆள்ட கையில குடுக்கப்படா. எங்கட பக்கம் அப்பிடித்தான்."

எங்கள் பக்கமும் அப்படித்தான். அதனால் கேலியை விட்டுவிட்டு அந்தக் கோட்டுக்காரரைப் பற்றி விசாரிக்கப் போவேன்.

வேலை நடக்கும் விதம் இதுதான். முதலில் கோட்டின் உள்ளே இருக்கும் வழவழப்பான லைனிங்கைப் பிரித்தெடுப்போம். ஃபரைத் தண்ணீரில் போட்டால் தோல் சுருங்கிவிடும் என்பதால், மரத்தூள் நிரப்பிய ஒரு பெரிய உருளைக்குள் போட்டுச் சுழற்றுவார்கள். தூசி, பழைய வாடை எல்லாம் மரத்தூளோடு போய்விடும். லைனிங், தோளுக்குள் வைக்கும் பஞ்சு, கொலருக்குள் இருக்கும் தடித்த துணி எல்லாம் ஒரு சாக்குக்குள் போகும். அந்தச் சாக்கை மெத்தைக்குப் பஞ்சு அரைப்பவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். ஒரு துண்டுகூடக் குப்பைக்குப் போகக் கூடாது என்பதுதான் அந்த இடத்தின் பெருமை.

ஒரு நாள் மத்தியானம், பஸ் ஓட்டுகிற சீருடையோடு ஒரு கியூபெக் மனிதர் வந்தார். கையில் அவருடைய அம்மாவின் கோட்டு. குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வைத்திருந்தார். அம்மா அந்த வருடத் தொடக்கத்தில் செத்துப்போனார். அப்பா அஹுன்ட்சிக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார், ஞாபகம் எல்லாம் குழம்பிப்போய்விட்டது. நாள் முழுக்க மனைவி எங்கே, மனைவி எங்கே என்று கேட்டு அழுவாராம். இந்தக் கோட்டை மடியில் வைத்தால்தான் அடங்குவாராம். ஆனால் கோட்டு பெரியது, பாரமானது. அதை இழுத்துக்கொண்டு நடந்து இரண்டு தரம் விழுந்துவிட்டார். இனி அறைக்குள் கோட்டு வைத்திருக்கக் கூடாது என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் மடியில் அடங்குகிற மாதிரி ஒரு குஷன் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். ஒரு பக்கம் ஃபர், மறுபக்கம் கட்டாயம் அந்த லைனிங்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

நான் எல்லாவற்றையும் அக்காவுக்குச் சொன்னேன். அக்கா அந்த மனிதரைப் பார்த்துத் தலையாட்டினார். தமிழிலேயே, "வடிவாச் செஞ்சு தாறம், நீங்க யோசிக்காதீங்க" என்றார். அவருக்கு என்ன விளங்கியதோ, "மெர்சி மதாம்" என்று நன்றி சொல்லிப் போனார்.

கோட்டைத் திறந்தபோது எழும்பிய வாசம் எனக்கு இப்போதும் தெரியும். முகத்துக்குப் போடும் பவுடர், கொஞ்சம் சிகரெட், வாயில் போட்டுச் சப்புகிற புதினா இனிப்பு. தேன் நிற லைனிங்கில் கழுத்துப் படும் இடம் வியர்வையில் கறுத்துக் கிடந்தது. அக்கா அதை மிகக் கவனமாகப் பிரித்தார், ஒரு நூல் இழுபடவில்லை. ஃபர் வழக்கம் போல உருளைக்குள் போனது. லைனிங்கை அக்கா ஒரு பையில் போட்டு லாசாலுக்குக் கொண்டு போனார்.

அடுத்த நாள் கொண்டு வந்தபோது அது புதுத் துணி போல இருந்தது. கழுத்துக் கறையை இருந்த இடம் தெரியாமல் எடுத்திருந்தார். மெஷினில் போடாமல் கையாலேயே தோய்த்து, நிழலில் உலர்த்தி, சாம்பிராணியும் காட்டினாராம். "பாவம், அந்த ஐயா மடியில வச்சிரிக்கப் போறாரு. செத்த ஆள்ட அழுக்கோட குடுத்தா நமக்குத்தான் பாவம்" என்றார். நான் என் பங்குக்கு அதை அயர்ன் பண்ணினேன். அந்தப் பயிற்சிக்கு வந்த பிறகு எனக்குப் பிடித்த வேலையைச் செய்தது அன்றைக்குத்தான். ஒரு சுருக்கம் இல்லாமல் பண்ணிவிட்டு, நாலு பேர் பார்க்கட்டும் என்று மேசை மேலேயே விரித்து வைத்தேன்.

குஷன் முடிந்த அதே வாரம், பெல்ஜியத்திலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் கூட்டாளிகள் பார்வையிட வருகிறார்கள் என்று இடம் அமளிப்பட்டது. எங்கள் பயிற்சிப் பெண்ணுக்கு ஒரு யோசனை. அந்த பஸ்காரரையும் கூப்பிட்டு, விருந்தாளிகள் முன்னாலேயே குஷனைக் கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று. அக்கா அன்றைக்கு வீட்டிலிருந்து புதுச் சல்வார் உடுத்து, மேலே ஒரு தடித்த ஸ்வெட்டர் போட்டு வந்தார். ஐரோப்பியர்கள் சுற்றிப் பார்த்தார்கள். மெத்தைக்குப் பஞ்சு அரைப்பவர்கள் காலையில்தான் சாக்குகளை எல்லாம் எடுத்துப் போயிருந்தார்கள். வெறுமையாக இருந்த குப்பைத் தொட்டிகளைப் பார்த்து ஒருவர் மிகவும் பாராட்டினார்.

பிறகு அக்கா குஷனை இரண்டு கையாலும் அந்த மனிதரிடம் நீட்டினார். அவர் வாங்கினார். ஃபரைத் தடவினார். திருப்பி, லைனிங் பக்கத்தை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தார்.

வைத்தபடியே நின்றார். எடுக்கவில்லை. இன்னொரு தரம் மூச்சை இழுத்தார். விருந்தாளிகள் அவருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார்கள். பயிற்சிப் பெண்ணின் கண்ணும் கலங்கியது. நானும்தான் தட்டினேன்.

கைதட்டல் ஓய்ந்த பிறகு அவர் என் பக்கத்தில் வந்து, தோய்த்தீர்களா என்று மெதுவாகக் கேட்டார். ஓம், மெஷினில் இல்லை, கையாலேயே தோய்த்தது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.  நல்ல வேலை, மிக நல்ல வேலை என்றார். பிறகுதான் சொன்னார், அப்பாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது என்று. அந்தக் கோட்டை அவர் பார்த்து அடங்கவில்லை, மணந்து மணந்துதான் அடங்கியிருக்கிறார்.

 அக்கா சிரித்த முகத்தோடு, "என்ன தம்பி சொல்றாரு? பிடிச்சிரிக்காமா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். என்ன செய்ய? சொல்லத்தான் வேண்டும். சொன்னேன். சிரிப்பு முகத்தில் இருந்தபடியே இருக்க, கண் மட்டும் மாறியதைப் பார்த்தேன். அக்கா சாக்கு வைக்கும் மூலைக்கு ஓடினார். அந்தக் கோட்டின் தோள் பஞ்சும் கொலர்த் துணியும் தோய்க்காதவைதானே. ஆனால் அங்கே கூட்டித் துடைத்த சிமெந்துத் தரைதான் இருந்தது.

விருந்தாளிகள் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே நான் பயிற்சிப் பெண்ணைக் கொண்டு மெத்தைக்காரர்களுக்கு டெலிபோன் எடுக்கச் செய்தேன். வந்ததை வந்தவுடனேயே அரைத்துவிடுவோம் என்றார்கள். மற்றைய கோட்டுகளின் துணியோடு எல்லாம் ஒன்றாய்க் கலந்து பஞ்சாகிவிட்டதாம்.

அந்த மனிதர் எங்களைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் ஆறியிருக்கும். நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்டேன், சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று அவர்தான் எங்களுக்கு ஆறுதல் சொன்னார். அக்கா என் கையைப் பிடித்து, "நானும் வாறன் எண்டு கேளுங்க தம்பி. நான் அந்த ஐயாவப் பாக்கோணும்" என்றார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. மனிதர் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றார்.

அந்த இல்லம் ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. பெரியவர் ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். நல்ல உயரமான மனிதர், அன்றைக்குத்தான் யாரோ முகம் மழித்து விட்டிருக்க வேண்டும். மகன் குனிந்து குஷனை மடியில் வைத்தார். விரல் ஃபரில் பட்டதும் அவர் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். மனைவியின் பெயரைச் சொல்லி, வந்துவிட்டாயா என்றார். எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்துவிட்டது. அக்கா கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

பெரியவர் குஷனைத் தூக்கி முகத்தில் வைத்தார். திருப்பினார். லைனிங் பக்கத்தை மணந்தார். கழுத்துப் பக்கம் இருக்குமோ என்று தேடுகிறவர் மாதிரி மூலை மூலையாக மணந்தார். பிறகு மெதுவாக இறக்கி, மடிப்பைத் தட்டிச் சரிசெய்து, மிக மரியாதையாக எங்கள் பக்கம் நீட்டினார்.

"இது வேறு யாரோ மதாமுடையது. அவ தேடுவா. கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்."

அவ்வளவுதான். பிறகு மகனின் கையைப் பிடித்து, உன் அம்மா எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டார். மகன், கொஞ்சம் செல்லும் அப்பா, ரோட்டில் பனி என்றார். அந்தப் பொய்யை அவர் எத்தனை தரம் சொல்லியிருக்க வேண்டும் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

நீட்டிய குஷனை வாங்கியது அக்காதான். பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்டார், சொன்னேன். அக்கா அதை ஒரு தரம் நெஞ்சோடு அணைத்துவிட்டு, மகனிடம் கொடுத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பிய மகன் எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். எங்களுக்குத்தான் அந்தக் கையைப் பிடிக்கக் கூச்சமாக இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். நான் எதையாவது சொல்லித் தேற்றலாம் என்று பார்த்தேன். தெரியாமல் செய்ததுதானே அக்கா என்றேன். 

"எங்கட அம்மாட கதை உங்களுக்குத் தெரியாதே" என்று தொடங்கினார். "அவ கண்ண மூடக்கொள்ள எனக்கு இஞ்ச பேப்பர் சரிவரல்ல. போக ஏலாமப் போச்சு. மறுகா தங்கச்சிக்கு டெலிபோன் எடுத்து, அம்மாட சீலையெல்லாம் என்ன செஞ்ச எண்டு கேட்டன். எல்லாத்தையும் தோய்ச்சு, கஷ்டப்பட்ட ஆக்களுக்குக் குடுத்திட்டன் அக்கா எண்டாள். நான் என்ன சொன்னன் தெரியுமா தம்பி? நல்ல வேலை செஞ்ச எண்டு சொன்னன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது. நான் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்டையாவது அப்பிடியே வச்சிரிக்கலாம். தோய்க்காம, ஒரே ஒரு சீலய. வை எண்டு சொல்ல எனக்குத் தெரியாமப் போச்சே."

மெட்ரோவில் பிரிந்தோம். அந்தப் பெரியவர் பனி கரைவதற்கு முன் செத்துப்போனார் என்று மகன் பயிற்சிப் பெண்ணுக்கு அறிவித்திருந்தார். குஷனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த வருடம் திட்டக் காலம் முடிந்து, பணம் நின்று, அந்த இடமும் மூடிவிட்டது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து தொடங்குவதாக இருந்த கூட்டுறவுக் கடை பேச்சோடு நின்றுபோனது. அக்கா டொரன்டோவில் இருக்கும் தன் மகனிடம் போய்விட்டார். நான் பார்க் எக்ஸ்டென்ஷனில் உடுப்புத் திருத்தும் ஒரு சின்னக் கடை போட்டேன். ஆக, அரசாங்கம் என்னில் போட்ட பணம் முற்றாக வீண் போகவில்லை.

கடைக்கு இடைக்கிடை செத்துப்போனவர்களின் உடுப்பும் வரும். அப்பாவின் கோட்டை மகனுக்கு அளவாக்க வேண்டும், அம்மாவின் சீலையில் பிள்ளைக்குச் சட்டை தைக்க வேண்டும் என்று கொண்டு வருவார்கள். தோய்க்கட்டுமா, வேண்டாமா என்று கேட்காமல் நான் அதைத் தொடுவதில்லை. பலர் என்ன விசர்க் கேள்வி என்பது போலப் பார்ப்பார்கள். சிலர் மட்டும் சட்டென்று தலை குனிந்து, வேண்டாம் என்பார்கள். அப்படி ஒருவர் சொல்லிவிட்டுப் போகும் நாளில் எனக்கு வேலை ஓடுவதில்லை. அந்த பவுடரும் சிகரெட்டும் புதினாவும் கலந்த வாசம் மூக்கில் வந்து நிற்கும். வேண்டியவரிடமிருந்து அதைப் பறித்துவிட்டு, வேண்டாத நான் அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன். யாரோ ஒரு கிழவருக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த மனைவியை, நானும் அக்காவும் நல்ல மனதோடு, ஒரு சுருக்கமும் இல்லாமல், தோய்த்து அழித்துக் கொடுத்தோம் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.